படிவத்தில் இல்லாத தங்கச்சி

விமான நிலையத்தில் அந்த அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். இவ்வளவு காலம் ஏன் நாட்டுக்கு வெளியே இருந்தீர்கள்? யோகமலர் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கக்கூடிய விஷயம். அவள் சொல்லவில்லை.

நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது கனடாவில் இருக்க வேண்டும். யோகமலர் நாலு வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு, காலாவதியாகப் போகிற அட்டையோடு ரொறன்ரோவில் வந்து இறங்கியிருந்தாள். அங்கே இருந்ததற்குக் காரணம், பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் செயலிழந்து கிடந்த அவளுடைய தங்கச்சி வதனி. ஒரு மாதம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், வதனியைச் சுடலைக்கு அனுப்பிய பிறகுதான் திரும்பினாள்.

இதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று வெளியாள் கேட்பான். கஷ்டம் தொலைபேசியில் வந்தது. மொழிபெயர்க்க ஒரு தமிழரை இணைப்பில் எடுத்தார்கள். அந்த மனிதர் வணக்கம் சொல்லிவிட்டு, அதிகாரி கேட்காத ஒரு கேள்வியைத் தன் பாட்டுக்குக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் ஊரில எவ்விடம்?"

நம்மவர்களுக்குள் இது இடத்தைப் பற்றிய கேள்வி அல்ல. முதலில் ஊர், பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம், பிறகு எந்தக் கோயிலடி, கடைசியாக ஆருடைய பிள்ளை. கத்தி வைக்காமலே ஆளைத் தோலுரித்துப் பார்த்துவிடலாம். கடல் கடந்து, பனி மலைபோல் குவிகிற தேசத்துக்கு வந்தும் நம்மவர் கைவிடாத கேள்வி. யோகமலர் ஊரின் பேரைச் சொன்னாள். "ஓ, அங்கயோ" என்றது குரல். அந்த "ஓ" போதும். தங்கச்சியைப் பற்றி இந்தக் குரலிடம் சொன்னால், தங்கச்சியை ஏன் வேறு ஆரும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வதனி ஆரைக் கட்டினாள் என்று சொல்ல வேண்டும். அவளுடைய நாக்கு இருபது வருடப் பழக்கத்தில் தானாகவே திரும்பிக்கொண்டது.

"காணி அலுவலாப் போனனான். வீடு வளவு பாக்க ஆளில்லை."

அதிகாரி அதைத் தட்டெழுதி, கையெழுத்து வாங்கி, நாட்டைவிட்டு வெளியேறும் கட்டளையைக் கையில் கொடுத்தார். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அது முடியும்வரை இருக்கலாம் என்றும் சொன்னார்.

வதனி கட்டியது நவம் என்ற ஆங்கில வாத்தியாரை. அமைதியான மனிதர், பள்ளிக்கூடத்தில் அவரைப் பிடிக்காத பிள்ளை இல்லை. ஆனால் அவருடைய தகப்பன் பனையேறிக் கள் இறக்கியவர். அவ்வளவுதான் குற்றம். வதனி அவரோடு போன மறுநாள் காலையில் வீட்டிலிருந்த எல்லாரும் கிணற்றடியில் வரிசையாக நின்று தலை முழுகினார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவளாக்க நம்மவருக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். முழுகியவர்களில் யோகமலரும் ஒருத்தி. முழுகிவிட்டு வந்து குசினிக்குள் இருந்து அழுதபோது, மூத்த அண்ணன் சிவகடாட்சம் வந்து, "செத்த வீட்டில அழுதா ஞாயம். இப்ப ஆர் செத்தது?" என்று கேட்டார்.

அண்ணன் சிவகடாட்சம் பிறகு கனடாவுக்கு வந்தார். யோகமலரின் கணவரும் அகதியாக வந்து, உரிமை கிடைத்ததும் மனைவியையும் மகனையும் கூப்பிட விண்ணப்பித்தார். ஆங்கிலம் தெரிந்தவர் என்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அண்ணன். கூடப்பிறந்தவர்களின் பேரை எழுதும் இடத்தில் அவர் தன் பேரையும் தம்பியின் பேரையும் எழுதிக் கோடு கீறி முடித்தார். கொழும்பில் ஒரு விடுதி அறையில் இருந்த யோகமலர் அந்தத் தாளில் வாசிக்காமலே கையெழுத்திட்டாள். கிணற்றடியில் முழுகியதைக் கனடிய அரசாங்கத்துக்கும் அறிவித்த மாதிரி ஆயிற்று.

ஸ்காபரோவில் அவள் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தாள். கணவருக்கும் மகன் கஜரூபனுக்கும் குடியுரிமை கிடைத்தது. அவள் மட்டும் குடியுரிமைப் பரீட்சைக்குப் பயந்து அடுத்த வருசம் பாப்பம், அடுத்த வருசம் பாப்பம் என்று தள்ளிக்கொண்டே போனாள். கணவர் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு ஒருநாள்தான் வதனியின் மகள் தர்சிகா, பத்து வயதுப் பிள்ளை, எங்கோ எண்ணைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "பெரியம்மாவோ? அம்மா கதைக்கிறா இல்லை. கண்ணை மட்டும் முழிச்சுப் பாக்கிறா."

நவம் வாத்தியார் கடைசி யுத்தத்தில் செத்திருந்தார். அவருடைய ஆட்கள் வன்னியில் திக்குத் திக்காகிப் போனார்கள். வதனி பிள்ளையோடு சொந்த ஊருக்கே திரும்பி, தாய்வழிக் காணியின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டிருந்தாள். மூன்று பக்கமும் சொந்தக்காரர். சித்தப்பாவின் மகன் பாலேந்திரன் அடுத்த வளவு. வேலிக்கு மேலால் பார்த்தால் வதனி கிடக்கிற பாய் தெரியும். ஒருவர்கூட அந்த வேலிப் படலையைத் திறக்கவில்லை.

யோகமலர் வந்த அன்று பாலேந்திரனின் மனைவி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள், கனடாக் கதை கேட்டாள். யோகமலர் வதனியின் கொட்டிலில் படுத்து, அங்கே சமைத்துச் சாப்பிடத் தொடங்கிய இரண்டாம் கிழமை, அதே வீட்டில் அவளுக்குத் தேத்தண்ணி கடுதாசிக் கோப்பையில் வந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய கோப்பை. அவளுக்கென்றே வாங்கியது.

"இது லேசு அக்கா, கழுவத் தேவையில்லை" என்றாள் பாலேந்திரனின் மனைவி, சிரித்துக்கொண்டு.

யோகமலர் அதைக் குடிக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வதனியைப் புரட்டிப் படுக்க வைப்பது, மலசலம் துடைப்பது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது, தர்சிகாவைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் அவள் ஒருத்திதான். ஆளை வைத்துப் பார்க்கலாம் என்று முயன்றாள். சம்பளத்துக்கு வந்த இரண்டு பெண்களும் ஊரார் என்ன சொன்னார்களோ, அடுத்த நாள் வரவில்லை. வதனி போனதும் தர்சிகாவைக் கிளிநொச்சியில் நவத்தின் ஒன்றுவிட்ட அக்காவிடம் சேர்த்துவிட்டு, அடுத்த கிழமையே விமானம் ஏறினாள்.

இதையெல்லாம் வழக்கறிஞர் அபிஷாவிடம் சொல்லவே அவளுக்கு மூன்று சந்திப்பு எடுத்தது. அபிஷா கனடாவில் பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. தாய் தகப்பன் சாதிப் பேச்சே எடுக்காமல் வளர்த்திருந்தார்கள்.

"அன்ரி, பக்கத்தில சொந்தக்காரர் இருந்தும் ஒருத்தரும் ஏன் உதவி செய்யேல்லை? அதைத்தான் அவை முதல் கேப்பினம்."

"அவளுக்கும் அவைக்கும் ஒத்துவராது பிள்ளை."

"ஏன்?"

"பழைய கோபம்."

"என்ன கோபம் எண்டு நீங்க சொல்லாட்டி நான் என்னத்தைச் சொல்லி வாதாடுறது? சட்டப்படி நீங்க தோத்துப்போனீங்கள். இனி ஒரே வாசல்தான் இருக்கு, மனிதாபிமானக் காரணம். உங்களை விட்டா வேற ஆள் இல்லை எண்டு காட்ட வேணும்."

யோகமலர் கடுதாசிக் கோப்பையில் தொடங்கிப் பின்னோக்கிச் சொன்னாள். கிணற்றடி வரைக்கும் சொன்னாள். அபிஷா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதை நீங்க எயார்போட்டிலயே சொல்லியிருக்கலாம்."

"தமிழாள் லைனில நிண்டது. நீர் இஞ்ச பிறந்தனீர் பிள்ளை, உமக்கு விளங்காது."

அபிஷா சங்கடத்தை மறைக்காமல் சொன்னாள். படிவத்தில் தங்கச்சியே இல்லை. விமான நிலையத்தில் காணி என்று சொல்லிக் கையெழுத்து இருக்கிறது. பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தங்கச்சிதான் என்று நிறுவலாம். ஆனால் ஒதுக்கி வைத்தார்கள் என்பதை நிறுவ ஒதுக்கியவர்களில் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். படிவத்தை நிரப்பியவரே வந்தால் நல்லது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அநியாயம் செய்தவன் வந்து "ஓம், செய்தனான்" என்று சொன்னால்தான் அநியாயம் நடந்ததாகக் கணக்கு. அடிபட்டவளின் வாய்க்கு மதிப்பில்லை, அடித்தவனின் வாய்க்கு உண்டு. நீதிமன்றம் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் ஊர்ப் பஞ்சாயத்தின் பக்கத்து வீடுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யோகமலர் மார்க்கம் நகரிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். சிவகடாட்சம் கோயில் அறங்காவலர் சபையில் தலைவர். கோயில் மரியாதையான காளாஞ்சியை எல்லாரும் அவர் கையால்தான் வாங்க வேண்டும். வரவேற்பறையில் நகைக்கடைப் பைகள் கிடந்தன. இளைய மகள் கீர்த்தனாவுக்குப் பிரம்டனில் கலியாண இடம் சரிவந்திருந்தது.

"அண்ணை, பொய் ஒண்டும் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை. நடந்ததைச் சொன்னாக் காணும்."

"நடந்தது எண்டா?"

"வதனியைத் தலை முழுகினது. படிவத்தில நீங்கள் அவளின்ர பேரை விட்டது. எங்கட ஆக்கள் ஒருத்தரும் அவளின்ர படலையைத் திறக்காதது."

அண்ணி குசினியிலிருந்தே குரல் கொடுத்தாள். "உதுகளை வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டா விடிஞ்சிடும் மச்சாள்."

"அவனுக்கு விளங்கும் மச்சாள். விளங்கிடும் எண்டுதானே உங்களுக்குப் பயம்."

"எங்களுக்கென்ன பயம்? நாங்கள் ஒழுங்காக் கட்டி ஒழுங்கா இருக்கிறம்."

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரு" என்று மனைவியை அடக்கிவிட்டு சிவகடாட்சம் தணிந்த குரலில் சொன்னார். "மலர், அங்க மொழிபெயர்க்க வாறவன் தமிழன். பின்னேரம் ஆக முன்னம் கதை பிரம்டனுக்குப் போயிடும். அவை எங்கட பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிச்சுப்போட்டு ஓம் எண்ட ஆக்கள்."

"கீர்த்தனா டொக்டருக்குப் படிச்ச பிள்ளை அண்ணை. அவளைக் கேட்டா உதெல்லாம் குப்பை எண்டு சொல்லுவாள்."

"அவளுக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் தேவையில்லை."

"என்னை அனுப்பிப்போடுவாங்கள். கஜனும் மருமகளும் வேலைக்குப் போனா என்ர பேத்தி தியானாவை ஆர் பாக்கிறது? அங்க எனக்கு இனி ஆர் இருக்கினம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராமல் விடுவனே. நீ என்ர தங்கச்சி."

இந்த ஒரு வசனத்தை யோகமலர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அபிஷா எழுத்தில் சாட்சியம் கேட்டபோது, "எழுதினாப் பிழைச்சுப் போகும் பிள்ளை, நேர வந்து சொல்லுறன்" என்றார் சிவகடாட்சம். கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

"அவரை நம்பலாமா அன்ரி?"

"அவர் என்ர அண்ணை, பிள்ளை."

விசாரணை நகரத்தின் நடுவில், ஜன்னலில்லாத ஒரு அறையில் நடந்தது. தீர்ப்பாளர் நரைத்த தலையுள்ள பெண்மணி. இடையிடையே யோகமலரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுமளவுக்கு நல்லவர். காலை முழுக்க யோகமலர் பதில் சொன்னாள். தங்கச்சியின் நோய், மருத்துவச் சான்றுகள், பேத்தி, எல்லாம் சரியாகவே போயின. குடும்பத்தார் ஏன் ஒதுக்கினார்கள் என்று வந்தபோது மட்டும் குரல் இறங்கியது. "அவள் கட்டின இடம் பிடிக்கேல்லை" என்றாள். மிச்சத்தை அண்ணன் சொல்லுவார் என்ற நம்பிக்கை. அண்ணன் வெளியே இருந்தார். சாட்சியைக் கூப்பிடும்வரை உள்ளே விடமாட்டார்கள்.

சிவகடாட்சம் கோட்டுப் போட்டு, திருநீறு பூசி வந்திருந்தார். உட்கார்ந்ததும் முதலில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரும் அவரைக் கோயிலில் கண்டவர்போலத் தலையசைத்தார்.

கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அபிஷா கேட்டாள்.

"நாங்கள் நாலு பேர். ஆம்பிளை ரெண்டு, பொம்பிளை ரெண்டு."

இருபது வருடத்துக்கும் மேலாகிய பிறகு அண்ணனுடைய வாயில் வதனிக்கு உயிர் வந்திருந்தது.

"அப்படியானால் படிவத்தில் வதனியின் பெயரை ஏன் எழுதவில்லை?"

"அப்ப சண்டை நேரம். தொடர்பு இல்லை. மறந்திருப்பன்."

அபிஷா ஒருமுறை யோகமலரைத் திரும்பிப் பார்த்தாள். "வதனி வேறு சாதியில் திருமணம் செய்ததால் குடும்பம் அவரை ஒதுக்கி வைத்ததா?"

"அப்பிடி ஒண்டும் இல்லை. எங்கட ஆக்களுக்குள்ள சாதி எண்டு இப்ப ஒண்டும் இல்லை. அது பழைய காலத்துக் கதை. நாங்கள் கோயிலில எல்லாருக்கும் ஒண்டாத்தான் அன்னதானம் குடுக்கிறம்."

அபிஷா வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இன்னும் கொஞ்சம் பண்பானவராகிக்கொண்டே போனார். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சமாக இருக்கவில்லை, மூன்றே கேள்வி.

"உங்கள் உறவினர்கள் வதனியின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்களா?"

"ஓம். சித்தப்பாவின்ர மகன் அடுத்த வளவு. நல்ல மனிசன்."

"கேட்டிருந்தால் பார்த்திருப்பார்களா?"

"கேட்டா ஏன் மாட்டம் எண்டு சொல்லப்போகினம்?"

"அப்படியானால் உங்கள் சகோதரி நாலு வருடம் அங்கே இருக்க வேண்டிய அவசியம் என்ன?"

யோகமலர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவவுக்கு ஊரில இருக்க விருப்பம். காணியும் இருக்குத்தானே."

விமான நிலையத்தில் அவள் சொன்ன அதே காணி. இப்போது அதற்கு ஒரு சாட்சியும் சேர்ந்துவிட்டது.

கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று தீர்ப்பாளர் கேட்டார். யோகமலர் எழுந்தே நின்றுவிட்டாள். உட்கார்ந்து சொல்லலாம் என்றார்கள், உட்காரவில்லை.

"அண்ணை சொன்னது பொய். வதனியின்ர மனிசன் ஆர் எண்டு நான் சொல்லுறன்." சாதியின் பேரைச் சொன்னாள். நவத்தின் தகப்பன் செய்த தொழிலைச் சொன்னாள். தலை முழுகியதை, தானும் முழுகியதை, கடுதாசிக் கோப்பையை, சம்பளத்துக்கு வந்த பெண்கள் ஓடிப்போனதை எல்லாம் சொன்னாள். "சாதி இல்லை எண்டு சொல்லுறவர் அவளின்ர செத்த வீட்டுக்கு ஒரு ரெலிபோன் எடுத்தவரோ எண்டு கேளுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் சாதிப் பேருக்கு முன்னால் தண்ணீர் குடித்தார். பிறகு சரியாகவே சொன்னார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகவே கேட்டார். "இதை இன்று காலையிலோ, விமான நிலையத்திலோ ஏன் இப்படிச் சொல்லவில்லை?"

"வெக்கமா இருந்தது."

"தங்கச்சியை நினைத்தா?"

"இல்லை. எங்களை நினைச்சு."

வெளியே மகன் கஜரூபன் மாமனை மறித்துக்கொண்டு நின்றான். பார ஊர்தி ஓட்டுகிறவன், தோள் பெருத்தவன்.

"மாமா, உள்ள என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னன் தம்பி."

"என்ர அம்மா உள்ள இருந்து அழுதுகொண்டு வாறா. என்ன பதில் அது?"

"விடு கஜன்" என்றாள் யோகமலர். "அவருக்குக் கோயிலுக்கு நேரமாகுது."

தீர்ப்பு வந்தது. அனுதாபத்தோடு எழுதப்பட்ட தீர்ப்பு. நோயாளியான சகோதரியைப் பராமரித்தது பாராட்டத்தக்கது. ஆயினும் உதவக்கூடிய உறவினர் அருகில் இருந்தனர் என்று குடும்பத்தின் மூத்தவரே சாட்சியமளித்துள்ளார். ஒதுக்கப்பட்டது பற்றிய விளக்கம் முதன்முறையாக விசாரணையின் இறுதியிலேயே விரிவாக வந்தது. மேன்முறையீட்டாளர் தம் விருப்பத்தின்பேரிலேயே அங்கே தங்கினார். பேத்திக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். தள்ளுபடி. அபிஷா மேல்நீதிமன்றத்துக்கும் எழுதிப் பார்த்தாள். சாட்சியை நம்புவதும் விடுவதும் தீர்ப்பாளரின் உரிமை என்று அவர்கள் வழக்கை எடுக்கவே இல்லை.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது சிவகடாட்சம் வெற்றிலை வைத்த தட்டோடு வந்தார். கீர்த்தனாவின் கலியாண அழைப்பிதழ். கஜரூபன் கதவைத் திறந்துவிட்டுப் படுக்கையறைக்குள் போய்விட்டான்.

"ரிக்கெற் காசை நான் தாறன் மலர்."

"கஜன் எடுத்திட்டான்."

"நீ என்னைப் பிழையா நினைக்கக் கூடாது. ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை."

"வதனியும் பொம்பிளைப் பிள்ளைதான் அண்ணை."

அவர் பேச்சை மாற்றினார். "எல்லாரின்ர பேரும் போட்டிருக்கு. பார்."

பார்த்தாள். அழைப்பவர்கள் வரிசையில், நாட்டுப் பேரோடு: திருமதி யோகமலர், கனடா.

"கலியாணத்தண்டு நான் கனடாவில இல்லை."

"அச்சடிச்சாச்சு, இனி என்ன செய்யிறது?"

"அப்ப என்ர பேரை வெட்டிவிடுங்கோ. உங்களுக்குப் பழக்கம்தானே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பிரம்டன் ஆட்கள் கதையைக் கேள்விப்பட்டிருந்தார்கள் என்றும், மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டதால் கேட்காதமாதிரி இருந்துவிட்டார்கள் என்றும் பிறகு தெரிய வந்தது.

யோகமலர் இப்போது கிளிநொச்சியில் தர்சிகாவோடும் நவத்தின் அக்காவோடும் இருக்கிறாள். தியானாவைப் பார்த்துவர வருகையாளர் வீசாவுக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தாள். இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று காரணம் எழுதியிருந்தது. தர்சிகா அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"முந்தி வெளியில கனகாலம் நிண்டிட்டன் எண்டு கலைச்சவங்கள்" என்றாள் யோகமலர். "இப்ப வெளியில நிக்கமாட்டன் எண்டு மறிக்கிறாங்கள். இதில எது நான் எண்டு அவங்களைக் கேட்டு எழுது பிள்ளை."

தர்சிகா எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை.